பெட்டி வந்த வழி, அலமாரி நின்ற இடம்

கெமாஸ் வட்டாரத் தோட்ட வீடுகளின் பழைய சேமிப்புச் சாமான்கள்

துணி, நகை, தாள், தானியம், சமைத்த உணவு. இந்த ஐந்தையும் ஈரத்திலிருந்தும் எலியிலிருந்தும் எறும்பிலிருந்தும் காக்கவே வீடுகளில் பெட்டியும் அலமாரியும் உண்டாயின. பெட்டகம், பேழை, பீரோ, கெரோபோக் என்று அவற்றின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். நெகிரி செம்பிலானின் கிழக்கு ஓரத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டிய கெமாஸ் வட்டாரத் தோட்ட வீடுகளில் இவை வந்து சேர்ந்த வரிசைக்கு ஒரு பொருள் உண்டு. முதலில் வந்தது பெட்டி. வெகு காலம் கழித்தே அலமாரி வந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடலாம். அலமாரி நின்ற இடத்தில் நிற்கும். பிழைக்க வந்தவர்கள் இந்த மண்ணின் குடிகளான வரலாறு முழுவதும் அந்த இரண்டு சாமான்களுக்கு நடுவே அடங்கியிருக்கிறது.

இரயிலும் ரப்பரும்

கெமாஸ் ஓர் இரயில் ஊர். மேற்குக் கரைப் பாதையும் கிழக்குக் கரைப் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் பாதை 1909இல் முடிந்தது. அடுத்த ஆண்டே பாகாவ் பக்கம் இன்னொரு பாதை திறக்கப்பட்டது. அது காடுகளைக் கடந்து கிளந்தானின் தும்பாட் வரை போய்ச் சேர 1931 ஆயிற்று. 1923இல் ஜொகூர் பாலத்தின் மேல் இரயில் ஓடத் தொடங்கியதும் சிங்கப்பூர்ச் சரக்கு நேராகக் கெமாஸ் நிலையத்தில் வந்து இறங்க வழி பிறந்தது.

இதே காலத்தில் சுற்றியிருந்த காடு ரப்பர்த் தோட்டமானது. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் முதலில் நடப்பட்டது 1896இல், அண்டை மாநிலமான மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். அடுத்த இருபது ஆண்டுகளில் நெகிரி செம்பிலான் முழுவதும் பால்மரம் பரவியது. சுங்கை கெலாமா, ஆயர் கூனிங் செலாத்தான் போன்ற கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களாக நிலைத்திருக்கின்றன.

ஆகவே கெமாஸ் வட்டாரத்தில் தமிழர் வீடு என்றால் அது ஒரே மாதிரியான வீடாக இருந்ததில்லை. லயத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் வீடு, அதற்குச் சற்றுத் தள்ளி வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் வீடு, ஆபீசுக்குப் பக்கத்தில் எழுத்தரான கிராணியின் வீடு, மேட்டின் மேல் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா. ஊருக்குள் இரயில்வே குவாட்டர்ஸ். கூட்டரசு மலாய் மாநிலங்களின் இரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் வேலை பார்த்தனர். ஒரு வீட்டில் எத்தகைய பெட்டி இருந்தது, அலமாரி இருந்ததா இல்லையா என்பதை இந்தப் படிநிலையே முடிவு செய்தது.

கப்பலில் வந்த டிரங்குப் பெட்டி

ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நின்றது. அதன்பின் 1938 வரை கங்காணி முறையே பெருவாரியான தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் பயணத்துக்குத் தடை விதித்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்க வைக்கப்பட்டுக் கப்பலேறியவர்கள், பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த்தடுப்பு முகாமைக் கடந்து தோட்டத்துக்கு வந்தனர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயர் மலேசியத் தமிழரின் மூத்த தலைமுறைக்கு உறவினர் பெயர் போலப் பழக்கமானது.

முதலில் வந்தவர்களின் உடைமை பெரும்பாலும் ஒரு துணி மூட்டைக்குள் முடிந்துவிடும். வந்து சம்பாதித்து, ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கையில்தான் தகரப் பெட்டி, அதாவது டிரங்குப் பெட்டி, ஏறியது. மெல்லிய இரும்புத் தகட்டை மடித்து, விளிம்பைச் சுருட்டி, மூலைகளில் தறையாணி அடித்துச் செய்த பெட்டி அது. மேலே பச்சை அல்லது கறுப்புச் சாயம், முன்பக்கம் ஒரு நாதாங்கி, இரு பக்கமும் கைப்பிடி. மூடியில் வெள்ளைச் சாயத்தால் பெயரும் போய்ச் சேரும் துறைமுகமும் எழுதியிருக்கும். இன்று அத்தகைய பெட்டி கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான். குடும்பம் எப்போது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்று இல்லாத வீடுகளில் அந்த மூடியே ஆவணம்.

பெட்டி என்ற சொல்லும் கடல் கடந்தது. மலாய் மொழியின் ‘பெத்தி’ தமிழ்ப் பெட்டியிலிருந்து போனதே. குளிர்சாதனப் பெட்டிக்கும் வாக்குப் பெட்டிக்கும் மலாய் மக்கள் இன்றும் அந்தச் சொல்லையே ஆளுகிறார்கள். தமிழர் கொண்டுபோன சாமான், தன் பெயரையும் அந்த நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது.

லயத்து வீட்டில் அலமாரிக்கு இடமில்லை

பழைய லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் ஒரு நடை, அடுப்புக்கு ஓர் இடம். அந்த அறையிலேயே உறக்கம், பிள்ளைப்பேறு, நோய், விருந்து எல்லாம். சுவர் ஓரம் ஓர் அலமாரி நின்றால் இரண்டு பேர் படுக்கும் இடம் போய்விடும்.

அதனால் தரையை விட்டுவிட்டு மேலே போவதே லயத்து வழக்கம். அறையின் குறுக்கே ஒரு கொடி. அன்றாடத் துணி அதில் தொங்கும். கூரைக்குக் கீழே பலகை பரப்பிய பரண். பாத்திரமும் விறகும் பழஞ்சாமானும் அங்கே. அடுப்புக்கு மேலே உறி. மோரும் குழம்பும் பூனைக்கு எட்டாமல் ஆடும். அரிசிக்குத் தகர டின். இவை எல்லாம் தமிழ்நாட்டுக் கிராமத்து வீட்டில் இருந்தவையே. தாழ்வாரமும் குதிரும் இல்லாத இடத்தில் இவை மட்டும் வந்து ஒட்டிக்கொண்டன.

பால் வெட்டப் போகும் துணி தனி. ரப்பர்ப் பால் பட்டால் துணியில் கறை ஏறி விறைத்துப்போகும், வாடையும் போகாது. அந்தத் துணி நடையிலேயே ஆணியில் தொங்கும். தீபாவளிக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் உடுத்தும் சேலையும் வேட்டியும் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்கு அடியில் இரண்டு மரக்கட்டை வைப்பது பழக்கம். தரை ஈரம் தகட்டில் ஏறித் துரு பிடிக்காமல் இருக்க அது உதவியது. மேலே ஒரு துணி விரித்தால் பெட்டியே உட்காரும் பலகையும் ஆகிவிடும். சாவி வீட்டுப் பெண்ணின் முந்தானை முடிச்சில் இருந்தது. ஓர் அறையில் ஆறு ஏழு பேர் வாழ்ந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்று பூட்டிக்கொள்ள இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

அலமாரி: சொல்லும் வடிவமும்

‘அலமாரி’ போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். அவர்களின் ‘அர்மாரியோ’ இந்தியாவில் அலமாரியாகவும், 1511இல் அவர்கள் கைப்பற்றிய மலாக்கா வழியே மலாயில் ‘அல்மாரி’யாகவும் ஆனது. இழுப்பறையைக் குறிக்கும் ‘லாச்சி’ டச்சுக்காரர் தந்தது; யாழ்ப்பாணத் தமிழிலும் மலாயிலும் அது ஒரே ஓசையோடு ஒலிக்கிறது. தமிழ்நாட்டில் இரும்பு அலமாரிக்கு வழங்கும் ‘பீரோ’, எழுதுமேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல். கெமாஸ் குவாட்டர்ஸில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பமும், தோட்டத்தில் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பமும், கம்பம் எனும் மலாய்க் கிராமத்தில் ஒரு மலாய்க் குடும்பமும் துணி வைக்கும் சாமானை ஏறக்குறைய ஒரே சொல்லால் அழைத்ததற்கு இந்தக் கடல்வழி வரலாறே காரணம்.

மலாயாவில் பழைய அலமாரிகள் மூன்று வடிவங்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஒன்று, பங்களாக்களுக்கும் அதிகாரிகள் வீடுகளுக்கும் செய்த ஆங்கிலப் பாணி. தலைப்பகுதியில் வளைந்த விளிம்பு, நடுக் கதவில் ஆள் உயர நிலைக்கண்ணாடி, அடியில் ஒரு நீண்ட லாச்சி. இரண்டாவது, மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் பெரனாக்கான் எனும் உள்ளூர்ச் சீனக் குடும்பங்களுக்காகச் சீனத் தச்சர்கள் செதுக்கிய பூவேலை அலமாரி. பொன் பூச்சும் பறவை உருவங்களும் கொண்டது. மூன்றாவது, 1930களிலிருந்து 1950கள் வரை பரவிய எளிய வடிவம். மூலைகள் உருண்டு, கால்கள் குட்டையாகி, செதுக்கல் இல்லாமல் மரத்தின் கோடுகளே அழகாக நிற்கும். சிற்றூர்க் குடும்பங்களின் கைக்கு எட்டியது இந்த மூன்றாவது வகைதான்.

உள்ளமைப்பைப் பார்த்தால் யாருக்காகச் செய்த அலமாரி என்று சொல்லிவிடலாம். கோட்டும் கவுனும் தொங்க வேண்டும். அதற்குக் குறுக்குக் கம்பி வேண்டும். சேலையும் வேட்டியும் சாரோங்கும் மடிந்து அடுக்காக இருக்க வேண்டும். அதற்குத் தட்டுகள் வேண்டும். கிராணி வீட்டு அலமாரியில் ஒரு பாதி கம்பியும் மறுபாதி தட்டுகளுமாக இருப்பதுண்டு. ஆபீசுக்குக் கோட்டும் வீட்டுக்கு வேட்டியுமாக வாழ்ந்த மனிதரின் இரண்டு பக்கங்களும் ஒரே சாமானில் பதிந்திருக்கின்றன.

பெரிய அலமாரிகள் ஒரே உடலாகத் தெரிந்தாலும் தலை, நடு உடல், அடிப்பீடம் எனப் பிரிந்து வரும்படி செய்யப்பட்டவை. ஆப்பையோ சில திருகாணிகளையோ கழற்றினால் பலகை பலகையாகப் பிரியும். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பத்துக்கு இந்த அமைப்பு பெரும் வசதி.

சாப்பாட்டு அலமாரி

மலாய் வீடுகளில் கெரோபோக் என்றும், தமிழ் வீடுகளில் சாப்பாட்டு அலமாரி என்றும் வழங்கிய சிறு சாமான், குளிர்பெட்டி வருவதற்கு முன் ஒவ்வொரு சமையலறையின் காவலாளி. இடுப்பளவோ தோளளவோ உயரம்; நான்கு கால்; பக்கங்களிலும் கதவிலும் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலை அல்லது துளையிட்ட தகடு. காற்று உள்ளே போய்வரும், ஈ போகாது. மேல்தட்டில் சமைத்த கறி, நடுத்தட்டில் பால் டின்னும் சீனியும், கீழே வெங்காயமும் ஊறுகாய்ச் சாடியும்.

நான்கு கால்களையும் நான்கு கிண்ணங்களில் நிறுத்தி நீர் ஊற்றுவார்கள். எறும்பால் நீரைத் தாண்ட முடியாது. நீர் வற்றாமல் பார்ப்பதும், கொசு முட்டையிடாதபடி அடிக்கடி மாற்றுவதும் பிள்ளைகளின் வேலை. இன்று கிடைக்கும் பழைய சாப்பாட்டு அலமாரிகளின் கால் நுனி கறுத்து இற்றுப்போயிருப்பதற்கு அந்தக் கிண்ணத்து நீரே காரணம். வாங்குபவர்கள் அதைக் குறையாகக் கருதி அறுத்துச் சமப்படுத்தினால், அது சமையலறையில் நின்ற அடையாளத்தையே அறுத்ததாகும்.

மரமும் வேலைப்பாடும்

பழைய அலமாரியின் மதிப்பில் பாதி மரத்தில் இருக்கிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. ஈரத்தில் அதிகம் உப்பாது, வெயிலில் அதிகம் சுருங்காது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த தேக்கே மலாயாவின் நல்ல அலமாரிகளுக்கு ஆதாரம். உள்நாட்டு மரங்களில் செங்கால் மிகக் கடினமானது. தூணுக்கும் பாலத்துக்கும் படகுக்கும் ஏற்றது, கதவு திறந்து மூடும் அலமாரிக்கு அதன் கனம் பொருந்தாது. செம்பழுப்பு நிற மெர்பாவ் தரைக்கும் படிக்கும் போனது. மெராந்தி இலகுவானது, விலையும் குறைவு; கரையான் பற்றும் என்றாலும் எளிய வீட்டு அலமாரிகள் பல இந்த மரத்தாலானவை.

சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த கர்ப்பூர மரப் பெட்டிகள் இன்னொரு வகை. மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்த மணமே பூச்சியை விரட்டும். பட்டுத் துணி வைக்க இதைவிடச் சிறந்த சாமான் வெப்ப நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். நாளடைவில் மணம் மங்கிப்போனால், உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே மீண்டும் எழும்.

பொருத்து வேலையில் கைத்தச்சரின் திறமை தெரியும். சட்டத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, அடுத்த சட்டத்தில் உளியால் தோண்டிய துளைக்குள் செருகி, மூங்கில் அல்லது மர ஆணி அடிப்பது ஒரு முறை. லாச்சியின் மூலைகளில் புறாவின் வால் விரிந்த வடிவில் பற்களை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோப்பது மற்றொன்று. அகலமான கதவுப் பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், சட்டத்தின் பள்ளத்துக்குள் தளர்வாக விடுவதும் அறிவோடு செய்தது. மழைக்காலத்தில் மரம் விரியவும் வெயில்காலத்தில் சுருங்கவும் இடம் விட்டால்தான் பலகை வெடிக்காது.

போரும் தாள்களும்

1942 ஜனவரி 14 அன்று கெமாஸுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை மறித்துத் தாக்கியது. அதைத் தொடர்ந்த மூன்றரை ஆண்டுகள் தோட்டத்து மக்களுக்குக் கொடுங்காலம். சயாம்–பர்மா இரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள்; மிகப் பலர் திரும்பவில்லை. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே போயின. அரிசியும் துணியும் கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று, சாக்கை உடுத்தினார்கள். டிரங்குப் பெட்டியில் ஆண்டாண்டாகச் சேர்த்த சேலையும் நகையும் கிழங்குக்கும் அரிசிக்கும் கைமாறின. பெட்டிக்குள் மிஞ்சிய ஜப்பானியத் தாள்கள், வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டு உட்பட, 1945 ஆகஸ்டில் வெறும் காகிதமாயின.

போருக்குப் பின் பெட்டிக்குள் வேறொரு வகைத் தாள் முதன்மை பெற்றது. 1957இல் மலாயா விடுதலை பெற்றதும், குடியுரிமைக்குப் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் தேவைப்பட்டன. கூரை ஒழுகிய லயத்தில், ஈரத்திலும் கரையானிலும் அந்தத் தாள் அழிந்துபோன குடும்பங்கள், பிறந்த நாட்டிலேயே பிறந்ததை மெய்ப்பிக்க முடியாமல் தலைமுறைகளாக அலைந்தன. அத்தகையோரைப் பதிவு செய்ய 2011இல் ‘மைடாஃப்தார்’ என்ற தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. நல்ல பூட்டும் உலர்ந்த தட்டும் கொண்ட ஓர் அலமாரி, ஏழை வீட்டில் ஆடம்பரம் ஆகாது. ஒரு மனிதன் எந்த நாட்டவன் என்பதை அது காத்து வைத்திருந்தது.

செட்டிநாடு, யாழ்ப்பாணம்

தமிழர் வாழ்ந்த மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் கெமாஸின் நிலை இன்னும் தெளிவாகும். மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கைக் கப்பல் கப்பலாகச் செட்டிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே எழுந்த வீடுகளில் தூணும் நிலைக்கதவும் பெட்டகமும் அலமாரியும் அந்த மரத்திலேயே அமைந்தன. ஆனால் சம்பாதித்த இடத்தில் அவர்கள் வாழ்ந்த முறை வேறு. பினாங்கு, சிங்கப்பூரில் கிட்டங்கி எனப்பட்ட வட்டிக்கடைகளில் ஒவ்வொரு கடைக்காரருக்கும் தரையில் ஒரு பாய், சாய்வான சிறு மேசை, பணப்பெட்டி, சுவரோரம் ஓர் அலமாரி; இவ்வளவே. அங்கே பழகும் இளையவருக்குப் பெயரே ‘பெட்டியடிப் பையன்’. வீடு செட்டிநாட்டில் இருந்ததால் தட்டுமுட்டுச் சாமானும் அங்கேயே சேர்ந்தது. காலப்போக்கில் பெருவீடுகள் பராமரிக்க முடியாமல் இடிக்கப்பட்டபோது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அந்தப் பெட்டகங்கள் வந்து சேர்ந்தன.

இலங்கையில் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658இல். 1795 வரை அங்கே அவர்கள் ஆட்சி நீடித்தது. கருங்காலியிலும் முதிரையிலும் அவர்கள் செய்வித்த பெரிய அலமாரிகளும் பெட்டகங்களும் உள்ளூர்த் தச்சரின் கையில் பழகித் தமிழர், சிங்களவர் வீடுகளுக்கும் வழக்கமான சாமான்களாயின. மலாயாவுக்கு இரயில்வே வேலைக்குப் போன யாழ்ப்பாணத்தார் பழகி வந்த வீடு அத்தகையது. ஆகவே அலமாரி அவர்களுக்குப் புதுமையாக இருக்கவில்லை.

தோட்டத் தொழிலாளிக்குச் செட்டிநாட்டைப் போல ஊரில் ஒரு பெருவீடு கிடையாது. யாழ்ப்பாணத்தைப் போல அலமாரி பழகிய மரபும் கிடையாது. குடியிருந்த அறைகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட குடும்பம் ஊதியத்தில் மிச்சம் பிடித்து, பட்டணத்துக் கடையில் தவணை கட்டி ஓர் அலமாரியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது என்றால், அது ஒரு முடிவைச் சொன்னது: இனி இங்கேதான்.

தோட்டம் கலைந்தபோது

அந்த முடிவையும் காலம் சோதித்தது. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று தமிழர் வரலாற்றில் பதிந்த நிகழ்வு அது. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். இதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கினார். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பலர் மீண்டும் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கும் போயின.

தோட்டத்தை விட்டுச் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் பெயர்ந்த குடும்பங்கள் குடியேறியது பெரும்பாலும் அடுக்குமாடி மலிவுவிலை வீடுகளில். பழைய அலமாரி அந்தக் குறுகிய படிக்கட்டில் திரும்பாது. பிரித்து ஏற்றத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். அதனால் பலவும் லயத்திலேயே விடப்பட்டன. சில விறகாயின, சில பழஞ்சாமான் வியாபாரியின் லாரியில் ஏறின. இன்று நகரத்து உணவகங்களில் அழகுக்காக நிற்கும் கம்பிவலை அலமாரிகளில் சில, ஒரு காலத்தில் யாரோ ஒரு பால்வெட்டுக்காரியின் குழம்புச் சட்டியைக் காத்தவை.

வயதை அறிவது எப்படி

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளையே தொல்பொருள் என்கிறது. அந்த அளவுகோலில் தோட்ட வீட்டு அலமாரிகளில் மிகச் சிலவே தேறும். இருந்தாலும் வயதைத் தெரிந்துகொள்வது அவசியம்; பழையது என்று புதியதை விற்பவர்கள் எங்கும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது வெளிப்புறத்தை அல்ல, யாரும் பார்க்காத பின்புறத்தை. பின்பலகை முழுப் பலகையா, ஒட்டுப்பலகையா என்பது முதல் கேள்வி. அடுத்து லாச்சியை முழுவதும் வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்க்கலாம். புறாவால் பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டிருந்தால் கைவேலை. அச்சடித்தது போல ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை. அடிப்பலகையில் விரலை ஓட்டினால் கை இழைப்புளியின் மெல்லிய அலை தெரியும். நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தால் அந்த இடம் 1930களுக்குப் பின் செய்ததோ பழுது பார்த்ததோ ஆகும். பல்லாண்டு இழுத்து மூடிய லாச்சியின் அடி விளிம்பு தேய்ந்திருக்கும். பழைய நிலைக்கண்ணாடியின் ஓரங்களில் பின்பூச்சு கறுத்து உதிர்ந்திருக்கும்; அந்தக் கண்ணாடியை மாற்றாமல் விடுவதே நல்லது.

மெருகையும் சோதிக்கலாம். மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டு மதுச்சாரம் வைத்தால், அரக்கு மெருகு பிசுபிசுக்கும். பிற்காலச் செயற்கை வார்னிஷ் அசையாது. அரக்கு மெருகைத் துணியால் திரும்பத் திரும்பத் தேய்த்து ஏற்றுவார்கள். ஆழமும் வெதுவெதுப்பும் உள்ள அந்தப் பளபளப்பு பழைய வேலையின் அடையாளம்.

காப்பது எப்படி

மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. பூஞ்சணமும் பூச்சியும் வளர இதைவிட ஏற்ற சூழல் இல்லை. பழைய அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். வெளிச்சுவரைவிட உட்சுவர் நல்லது. கால்களுக்கு அடியில் மெல்லிய கட்டை அல்லது தகடு வைத்தால் தரை ஈரம் ஏறாது. வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். அந்துருண்டை துணியில் நேரடியாகப் படாமல் சிறு துணியில் முடிந்து வைக்கலாம். உலர்ந்த வேப்பிலையும் வெட்டிவேரும் பழங்கால வழிகள்.

மரத்தில் குண்டூசித் துளைகள் இருப்பதாலேயே பூச்சி இருப்பதாகக் கொள்ள வேண்டாம். துளைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்துச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். வெளிறிய புதிய மாவு விழுந்திருந்தால் உளுப்பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அவை பழைய தழும்புகள்.

சாயம் பூசிய பழைய சாமானை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. பழஞ்சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி குழந்தைகளுக்கு நஞ்சு. அரக்கு மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது வார்னிஷ் அடிப்பதும் தவறு. மென்மையான துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை தேன்மெழுகு பூசினால் போதுமானது. டிரங்குப் பெட்டியின் மூடியில் எழுத்து இருந்தால் அதன்மேல் சாயம் பூசாமல், துருவை மட்டும் எச்சரிக்கையாக நீக்கி மெழுகிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது இன்னொன்று: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாங்கியது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதி, அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்புறத்தில் வைப்பது. வரலாறு தெரியாத அலமாரி வெறும் பலகை.

பால்மரமே அலமாரியான கதை

ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டு வரை பால் தரும். பிறகு வெட்டி மறுநடவு செய்வார்கள். நெடுங்காலம் அந்த மரத்துக்கு விறகைத் தவிர வேறு பயனில்லை என்றே எண்ணினர். அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணம் படர்ந்து, உளுப்பூச்சியும் ஏறிவிடும். வெட்டியவுடன் போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை நடைமுறைக்கு வந்தபின் நிலை மாறியது. 1980களிலிருந்து வெளிர்நிற ரப்பர் பலகை மலேசிய மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பாயிற்று. நாட்டின் மரச்சாமான் நகரம் என்று பெயர் பெற்ற ஜொகூரின் மூவாரிலிருந்து அது உலகெங்கும் போகிறது.

விடியலுக்கு முன் எழுந்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் வரிசை வரிசையாக அந்த மரங்களைக் கீறிப் பால் எடுத்தவர்களுக்கு அலமாரி வைக்க இடமில்லாத ஓர் அறைதான் இருந்தது. ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு ஒரு டிரங்குப் பெட்டியில் வாழ்வைப் பூட்டி வைத்தார்கள். அவர்கள் கீறிய மரமே இன்று பலகையாகி, அலமாரியாகி, அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் நிற்கிறது. அதன் தட்டில் பள்ளிச் சீருடை மடிந்திருக்கிறது. லாச்சியில் பிறப்புப் பத்திரம் பத்திரமாக இருக்கிறது.